அந்தியேட்டி முடிந்தவர்

எங்கள் வீட்டில் அறை எடுத்துத் தங்க வந்தவருடைய அந்தியேட்டிக்கு நான் முன்பே போயிருந்தேன்.

அது யாழ்ப்பாணத்தில். அவர் இறந்து முப்பத்தோராம் நாள். நான் அப்போது ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். அவர் அங்கே மெய்யியல் விரிவுரையாளர். அலுவலகத்திலிருந்து நான்கு பேர் சைக்கிளில் போனோம். முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். படத்துக்கு முன்னால் பூவைப் போட்டுக் கும்பிட்டோம், பந்தியில் இருந்து சாப்பிட்டோம். புறப்படும்போது வாசலில் ஒருவர் ஆளுக்கொரு நினைவு மலர்ப் புத்தகம் தந்தார். அதைச் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நான்கு வருடம் கழித்து, மொன்றியலில், ஒரு ஜனவரி மாதத்து மத்தியானம், பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் குடியிருந்த மூன்றாம் மாடிக்கு அவர் படியேறி வந்தார்.

முன்னால் என் கணவர். "இவர்தான் நான் சொன்ன அண்ணை. எங்கடை கிச்சினிலை கோப்பை கழுவுறார். பின் அறையை இவருக்குக் குடுப்பம்" என்று சொல்லி ஒரு பெயரையும் சொன்னார். எனக்குத் தெரிந்த பெயர் அல்ல அது.

வந்தவர் தொப்பியைக் கழற்றினார். தாடி போயிருந்தது. தலை முழுக்க நரைத்து, உடம்பு பாதியாக வற்றியிருந்தது. ஆனால் இடது புருவத்தை நடுவில் வெட்டிக்கொண்டு போகும் தழும்பு அப்படியே இருந்தது. ஆறு வருடம், ஒவ்வொரு காலையும், நான் அலுவலக யன்னலால் வரவு இடாப்பை நீட்ட, குனிந்து வாங்கிய முகம் அது. நான் அடையாளம் கண்டதை அவரும் கண்டுகொண்டார். ஒரு காலில் பூட்ஸ் கழன்றும் மற்றக் காலில் கழலாமலும் சில விநாடி அசையாமல் நின்றார். பிறகு மற்றதையும் கழற்றி, இரண்டையும் கால்மிதியில் நேராக வைத்துவிட்டு, "வணக்கம், தங்கச்சி" என்றார்.

குரல் மாறவே இல்லை.

நான் குசினிக்குள் போய்க் கேத்திலை வைத்தேன். தண்ணீர் அடுப்பில் சிந்தியது. ஒரே மாதிரி இரண்டு பேர் இருக்கக்கூடாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் இருவரும் வேலைக்குப் போன பிறகு, கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டியை இழுத்துத் திறந்து அந்த நினைவு மலரை எடுத்தேன். ஊரைவிட்டு வரும்போது அதிகம் கொண்டுவர முடியவில்லை. ஆனாலும் அதைக் கொண்டுவந்திருந்தேன், பின்பக்கங்களில் அவருடைய நாவலின் ஓர் அத்தியாயம் இருந்ததால். அட்டையில் இருந்த படத்தைத் தாடி மறையும்படி கையால் பொத்திப் பார்த்தேன். கையை எடுக்கவே பயமாக இருந்தது.

அவர் எழுதியது அந்த ஒரு நாவல்தான். ரயில் வராமல் போன ஒரு ஸ்டேஷனின் அதிபர் பற்றியது. அவர் தினமும் மேடையைக் கூட்டுவார், விளக்குக் கண்ணாடியைத் துடைப்பார், குறித்த நேரத்தில் கைகாட்டியை இறக்கி ஏற்றுவார். ஏன் என்று கேட்பவர்களுக்கு, "ஏன் என்று எனக்கும் தெரியாது, ஆனால் நேரம் ஆகிவிட்டது" என்பார். கடைசிப் பக்கத்தில் எங்கோ ஊதல் கேட்கும். அவர் எட்டிப் பார்க்கமாட்டார், துடைக்க இன்னும் ஒரு கண்ணாடி பாக்கி இருக்கும். அதை அவர் எழுதிய காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. சில வருடத்தில் உண்மையாகவே நின்றுபோனது. கரிநாக்கு என்று சனம் அவரைச் சொன்னது.

மலரில் வாழ்க்கைக் குறிப்பும் இருந்தது. தகப்பன் ரயில்வேயில் வேலை, அதனால் இரண்டு வருடத்துக்கு ஓர் ஊர். எட்டு வயதில் தங்கச்சியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். ஏன் செத்தாள் என்று கேட்டிருக்கிறார். கோயில் ஐயர் முற்பிறப்பு என்றார், டொக்டர் கிணற்றுத் தண்ணீர் என்றார், தகப்பன் தன்னுடைய பிழை என்றார். மூன்று பேரும் மூன்று பதில் சொன்ன அன்றைக்கே தனக்குப் பதில்களில் நம்பிக்கை போய்விட்டது என்று அவரே எங்கோ எழுதியிருந்தாராம்.

அவருடைய விரிவுரைகள் எனக்குப் பாதி மனப்பாடம். வகுப்பறைக்கும் அலுவலகத்துக்கும் இடையில் பலகைத் தட்டிதான். காரணம் கேட்காமல் இருக்க முடியாத பிராணி மனிதன், காரணம் சொல்லத் தெரியாத இடம் உலகம், இரண்டும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவதற்குப் பெயர்தான் அபத்தம் என்பார். அதற்காகச் செத்துப்போவதும் கள்ளம், பொய்யாக ஒரு காரணத்தைச் செய்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதும் கள்ளம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அன்றன்றைய வேலையைப் பார்க்க வேண்டும். மாணவர்கள் சிரிப்பார்கள். நானும் தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால் சிரித்திருக்கிறேன்.

என் கணவருக்கு இரண்டு வேலை. காலையில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலை, பின்னேரம் டவுன்டவுனில் உணவகச் சமையலறை. நான் வீட்டிலேயே தைத்தேன். தையல் தொழிற்சாலைக்காரர் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடும் சட்டைக் கைகளைத் தைத்துக் கொடுப்பது என் வேலை. பின்னறையில் இருந்தவருக்குப் பின்னேரம் நாலு மணிக்குத்தான் வேலை தொடங்கும். ஆகவே காலையிலிருந்து மூன்று மணிவரை முன்னறையில் என் மெஷின் சத்தமும், பின்னறையில் அவருடைய சத்தமின்மையும் இருந்தன.

பதினொரு நாள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அந்த நாட்களில் நான் பட்ட பயத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அவர் கதவு திறப்பது கேட்காது. மெஷினை நிறுத்தித் திரும்பினால் குசினி யன்னலருகே நின்று வெளியே தொங்கும் பனிக்கட்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் குடித்த கோப்பை கழுவிக் கவிழ்த்திருக்கும், யாரும் குடிக்காதது மாதிரி. அவர் படுத்த படுக்கையில் ஒரு மடிப்பு இருக்காது. தொலைபேசியில் யாராவது அந்தப் புதுப் பெயரைச் சொல்லிக் கேட்டால் உடனே பதில் சொல்லமாட்டார். வேறு யாரோ முதலில் பேசட்டும் என்று விட்டுக்கொடுப்பது போல ஒரு மூச்சு நேரம் பொறுத்துத்தான் "ஓம்" என்பார்.

பன்னிரண்டாம் நாள், பகல் இரண்டு மணி இருக்கும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தெருச் சத்தம் எல்லாம் அடங்கி, யன்னலில் ஒரு வெள்ளை வெளிச்சம் மட்டும். நூல் அறுந்துவிட்டதால் மெஷினை நிறுத்தினேன். பின்னறையிலிருந்து அவருடைய குரல் கேட்டது. யாருடனோ கதைக்கிறார் என்று நினைத்தேன். காது கொடுத்தபோது, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பெயர். பிறகு ஒரு சின்ன அமைதி. அடுத்த பெயர்.

எனக்கு அந்தப் பட்டியல் தெரியும். வருட ஆரம்பத்தில் சிவப்பு மையும் நீல மையும் வைத்து அதை எழுதியவளே நான்தான். அவருடைய கடைசி வகுப்பின் வரவு இடாப்பு. ஒழுங்கு மாறாமல் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும், ஒரு மாணவன் எழுந்து பதில் சொல்ல எடுக்கும் நேரம் பொறுத்தார். அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஊசியை விரலுக்குள் பிடித்தபடி கடைசிப் பெயர் வரைக்கும் இருந்தேன். எழும்பினால் நானும் ஏதோ ஒரு பெயருக்குப் பதில் சொல்லிவிடுவேன் போல இருந்தது.

அவர் தேநீர் ஊற்ற வந்தபோது நினைவு மலரைக் குசினி மேசையில் வைத்தேன்.

"சேர், இது உங்கடை."

அவர் உட்காரவில்லை. நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தார். கல்லூரி அதிபரின் இரங்கல், மகனின் நான்கு வரி, மனைவியின் பெயரில் அச்சடித்த நன்றி. பிறகு நான் சட்டைத் துணியில் கோடு போடும் பென்சிலை எடுத்து ஓர் இடத்தில் திருத்தினார்.

"பிறந்த ஊரைப் பிழையா அடிச்சிருக்கினம்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு நின்றபோது அழுகை வந்தது. அவர் காத்திருந்துவிட்டு, சொல்லத் தொடங்கினார்.

ஓய்வூதியப் பத்திர விசயமாகக் கொழும்புக்குப் போகக் கடல்நீரேரியைப் படகில் கடந்திருக்கிறார். யுத்தத்தில் தரைப்பாதை மூடியிருந்ததால் அப்போது எல்லோரும் அப்படித்தான் கடந்தார்கள். பக்கத்தில் ஒரு பொடியன், முப்பது வயது இருக்கும், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தான். மடியில் சீலைத் துணியால் சுற்றிய ஒரு சுவர் மணிக்கூடு. கொழும்பில் இருக்கும் அக்காவுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னான். அவர் தன் ஜக்கெட்டைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டார். அடையாள அட்டை அதன் பையில் இருந்தது.

"பேந்து வெடி விழுந்தது. எனக்குத் தண்ணிதான் ஞாபகம். ஒரு எண்ணைக் கானைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தனான். அங்காலைக் கரையிலை ஆரோ மீன்பிடிக்கிற வீட்டுச் சனம் தூக்கிக்கொண்டு போச்சுது. ஒரு மாதம் எனக்குப் பேச்சு வரேல்லை."

"அந்தப் பொடியன்?"

"அவனைத்தான் என்ரை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்திருக்கினம். முகம் இல்லை. அட்டை இருந்தது."

பேச்சு வந்ததும் ஊருக்குத் திரும்பியிருக்கிறார். வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முனைக்கு வந்து சேர்ந்தபோது முற்றத்தில் பந்தல் நின்றது.

"முப்பத்தோராம் நாள்" என்றேன்.

"ஓம். நீர் நீலக் கரை போட்ட வெள்ளைச் சீலை கட்டியிருந்தனீர். நாலு பேரும் சைக்கிளிலை வெளிக்கிட்டு வந்தனியள். என்னைத் தாண்டித்தான் போனனியள்."

அந்தச் சீலை என்னிடம் இருந்தது உண்மை. ஒழுங்கை முனையில் சாரத்தோடு யாரோ ஒரு மெலிந்த மனிதர் நின்றாரா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

"ஏன் சேர் உள்ளுக்குப் போகேல்லை?"

"பொடியளுக்கு நான் சொல்லிக் குடுத்தது என்ன? எங்கடை சீவியத்துக்கு அர்த்தம் எண்டு ஒருத்தரும் முன்கூட்டி எழுதி வைக்கேல்லை எண்டு. அண்டைக்குப் பாத்தா என்ரை வாசல்லை அதை எழுதி, அச்சடிச்சு, ஆளுக்கொண்டாக் குடுத்துக்கொண்டு நிக்கினம். உள்ளுக்குப் போகாட்டி என்ன நடக்கும் எண்டு ஒரு நிமிசம் யோசிச்சன்." அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த ஒரு நிமிசம் இன்னும் முடியேல்லை, தங்கச்சி."

"உங்கடை மனுசியும் மகனும்?"

மூன்று மணியாகிவிட்டது. கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

நான் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் நல்ல மனதோடு நாலு பேரிடம் சொல்வார், அடுத்த கிழமை ஊருக்கே தெரிந்துவிடும். வேறொருவர் பாஸ்போட்டில் வந்து, அந்தப் பெயரிலேயே அகதி விண்ணப்பம் போட்டிருந்த மனிதர். அவருக்கு என்ன ஆகுமோ என்ற பயமும் இருந்தது. இன்னொன்றும் உண்டு. இறந்த ஒருவர் என் வீட்டில் வெங்காயம் உரிக்கிறார் என்பதை வாய்விட்டுச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

பிறகு ஒரு விசயத்தைக் கவனித்தேன். எங்கள் தெரு மூலையில் ஒரு தமிழ்க் கடை. தேங்காய்ப்பால் வாங்கிவரச் சொன்னால் அவர் அந்தக் கடைக்குப் போகமாட்டார். அக்காடி மெட்ரோ பக்கம் இருக்கும் கடைக்கு, கண்ணிமையில் பனி உறையும் குளிரில், அரை மணி நேரம் நடந்து போய்வருவார். யன்னலால் பார்த்தேன். மூலைக் கடைக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போனார். கடையைத் தாண்டிய பிறகு திரும்பவும் இந்தப் பக்கம் வந்தார். ஒவ்வொரு தடவையும் இதே மாதிரி.

ஒருநாள் நானே அந்தக் கடைக்குப் போய் வாசலில் நின்றேன். கண்ணாடிக் கதவில் வழமையான காகிதங்கள்: அறை வாடகைக்கு, சங்கீத வகுப்பு, கோயில் அறிவித்தல். அவற்றுக்கு மேலே, ஓரங்கள் மஞ்சளாகிப்போன ஒரு போட்டோக் கொப்பி. நூறு தடவை தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு தடவையும் வாசித்ததில்லை. ஓர் இளைஞனின் படம். கடல்நீரேரியைக் கடக்கும்போது காணாமல் போனவர், கையில் ஒரு சுவர் மணிக்கூடு வைத்திருந்தார், விபரம் தெரிந்தவர்கள் அக்காவுக்கு அறிவிக்கவும். கீழே, பக்கத்துப் பகுதியான வில்லரேயில் ஒரு விலாசம்.

ஒன்றும் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினேன். அவர் குசினியில் இருந்தார்.

"சேர், கடைக் கதவிலை இருக்கிற பொடியன்..."

"ஓம்" என்றார். "அவன்தான்."

"எப்ப பாத்தனீங்கள்?"

"இஞ்சை குடிவந்த முதல் கிழமை."

இரண்டரை மாதம். எனக்கு வந்த கோபத்தில் சேர் என்ற மரியாதையெல்லாம் மறந்துபோனது. "உலகத்திட்டைக் கேட்டா அது வாய் திறக்காது எண்டு வருசக்கணக்காச் சொன்னீங்கள். இந்த மனுசி கேக்குது. கதவிலை ஒட்டிக் கேக்குது. பதில் உங்கடை வாய்க்குள்ளைதானே கிடக்குது!"

"நான் வாய் திறந்தா அவவுக்குக் கிடைக்கிறது ஒரு சாவு. திறக்காட்டி ஒரு தம்பி இருப்பான்."

"அதைத் தீர்மானிக்க நீங்கள் ஆர்?"

அவர் கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பையை எடுத்துத் திரும்பவும் கழுவினார். கடைசியில், "நான் தனியப் போனா அந்த வாசல்லையும் நிண்டிட்டுத் திரும்பி வந்திடுவன். நீரும் வாரும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, வில்லரேக்கு பஸ்ஸில் போனோம். ஒரு டெப்பனருக்கு மேல் மாடி வீடு. அந்தச் சின்னக் கடையின் ஓரமாக மேலே போகும் இரும்புப் படியில் உப்புத் தூவியிருந்தது. கதவைத் திறந்தவ, கொழும்பிலிருந்து பிறகு இங்கே வந்துவிட்டிருந்த அக்கா; நாற்பது வயது மதிக்கலாம். உள்ளே ஹீட்டருக்குப் பக்கத்தில், வீட்டுக்குள்ளேயே கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு அவவின் அம்மா இருந்தா. சுவரில் அந்த இளைஞனின் படம். மாலை இல்லை, பொட்டு இல்லை, விளக்கில்லை. உயிரோடு இருப்பவனுடைய படத்தை எப்படி வைப்பார்களோ அப்படி.

இருக்கச் சொல்லியும் அவர் இருக்கவில்லை. பந்தல் வரைக்கும் நடந்ததை, என்னிடம் சொன்ன அதே ஒழுங்கில், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். கடைக் கதவில் படத்தைக் கண்டு இரண்டரை மாதம் தெரு மாறிப் போனதையும் சொன்னார்.

"நீங்கள் சொல்லுறதை நான் என்னெண்டு நம்புறது?" என்று அக்கா கேட்டா. அவவின் முகம் கல்லாக இருந்தது. "படத்தைப் பாத்திட்டு ஆரும் கதை கட்டலாம்."

"மணிக்கூடு படகிலை அடிச்சது" என்றார் அவர். "நடுத் தண்ணியிலை. நேவிக்குக் கேட்டிடும் எண்டு எல்லாருக்கும் உயிர் போய் வந்தது. ஓட்டி ஏசினான், அதைத் தண்ணிக்குள்ளை போடு எண்டு. பொடியன் துணியை அவிட்டு, பெண்டுலத்தை விரலாலை பிடிச்சுக்கொண்டு எனக்குச் சொன்னான்: அக்கா இதை நிக்க விடாமல் கொண்டு வரச் சொன்னவ, நிண்டா என்னைக் கொல்லுவா எண்டு."

அக்கா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. "நான்தான் சொன்னனான்" என்றா. "பகிடிக்குச் சொன்னனான்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னா.

அம்மா அழவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டா: "ஆர் கொள்ளி வைச்சது?"

"என்ரை மகன், அம்மா. அப்ப அவனுக்குப் பன்னிரண்டு வயது."

"என்ன பேர் சொல்லி?"

"என்ரை பேர் சொல்லி."

அம்மா கொஞ்சம் யோசித்தா. "அழுதவையே?"

அவருக்கு அது தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். நான் அன்றைக்கு அழவில்லை. வெயிலில் சைக்கிள் ஓடி வந்த களைப்பும் பசியும்தான் இருந்தன. ஆனால், "ஓம் அம்மா. நிறையச் சனம் வந்தது. நானும் போனனான். எல்லாரும் அழுதவை" என்று சொன்னேன். அம்மா கையை நீட்டி என் கையைப் பிடித்தா. அந்தக் கை சுட்டது. பூ என்ன பூ என்று கேட்டா. பந்தியில் என்ன கறி என்று கேட்டா. எனக்கு நினைவிருந்ததைச் சொன்னேன். பருப்பு, பூசணி, கத்தரிக்காய்ப் பால்கறி.

"அவனுக்குக் கத்தரிக்காய் ஆகாது" என்றா அம்மா. அதைச் சொன்ன பிறகுதான் அவவுக்கு அழுகை வந்தது.

அக்கா எழுந்து கதவைத் திறந்துவிட்டா. குளிர் உள்ளே அடித்தது. "இரண்டரை மாதம் என்ரை தம்பியின்ரை முகத்துக்கு முன்னாலை தெரு மாறிப் போயிருக்கிறீங்கள். போங்கோ வெளியிலை."

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்" என்றா அம்மா, கண்ணைத் துடைக்காமலே.

அக்கா கதவை மூடிவிட்டுத் தேநீர் போட்டா. நான்கு பேரும் குடித்தோம். படியிறங்கும்போது அக்கா பின்னால் வந்து, தம்பியின் பெயரில் கிரியை செய்ய வேண்டும், எரித்ததைப் பற்றி இவருடைய வீட்டாரிடம் ஒரு கடிதம் வாங்கித் தாருங்கள் என்று என்னிடம் சொன்னா. அவரிடம் சொல்லவில்லை.

ஆகவே அவர் தன் மனைவியுடன் பேசியே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. மனைவியும் மகனும் அப்போது கொழும்பில் இருந்தார்கள். பழைய அலுவலகத் தோழி ஒருத்தியிடம் கேட்டு இலக்கம் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் காலை, கணவர் வேலைக்குப் போன பின்பு, நடையில் இருந்த தொலைபேசியில் அவர் எடுத்தார். நான் முன்னறையில் நின்றேன். போகச் சொல்லியிருந்தால் போயிருப்பேன், அவர் சொல்லவில்லை.

தன்னுடைய உண்மைப் பெயரைச் சொன்னார். பிறகு கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை "எப்ப?" என்று கேட்டார். ஒரு தடவை "ஓம்" என்றார். ரிசீவரை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் துளி இரத்தம் இல்லை. உண்மையிலேயே இறந்துபோனவர் போல அன்றைக்குத்தான் அவரைப் பார்த்தேன்.

"அவவுக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அண்டைக்கே தெரியும். துணியை விலக்கிக் காலைப் பாத்தவவாம். உங்கடை கால் இல்லை எண்டு அந்த நிமிசமே தெரியும் எண்டுறா."

அவர் கதிரையில் இருந்து மெதுவாகச் சொன்னார். கொண்டுவந்தவர்கள் வாசற் படலைக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இது தன் கணவர் இல்லை என்று சொன்னால் திருப்பி எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். யாரோ பெற்ற பிள்ளை, முகமும் இல்லாமல் கிடக்கிறது, யாராவது ஒருவர் எரிக்கத்தானே வேண்டும் என்று நினைத்தாவாம். மகனுக்குக்கூடச் சொல்லாமல் முப்பத்தொரு நாளும் முறை தவறாமல் செய்தாவாம். செய்து முடித்தால் கணவர் வந்துவிடுவார் என்று ஒரு எண்ணமும் இருந்ததாம்.

"பேந்து ஒண்டே ஒண்டுதான் கேட்டவ. நாலு வருசம் ஏன் ஒரு போன் எடுக்கேல்லை எண்டு."

"என்ன சொன்னீங்கள்?"

"என்னட்டைப் பதில் இருக்கேல்லை. வைச்சிட்டா."

அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. இரவு வேலை முடிந்து என் கணவர் சாப்பிட வந்தபோது நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிளேட்டைத் தள்ளி வைத்தார். "அப்ப இவ்வளவு நாளும் நான் அண்ணை எண்டு கூப்பிட்டது ஆரை?" என்று மட்டும் கேட்டார். யாரிடமும் அவர் சொல்லவில்லை. அது என் கணவரைப் பற்றி எனக்குத் தெரியாமல் இருந்த ஒன்று.

மறுநாள் நானே கொழும்புக்கு எடுத்து, அக்கா கேட்ட கடிதத்தைப் பற்றிச் சொல்லி வில்லரே விலாசத்தைக் கொடுத்தேன். அவருடைய மனைவியின் கடிதம் மூன்று கிழமையில் வந்தது, அவருக்கு அல்ல, வில்லரே அம்மாவுக்கு. உங்கள் மகனின் வலது பெருவிரல் நகம் கறுத்திருந்தது, குதிகாலில் ஒரு மச்சம் இருந்தது, எல்லாவற்றையும் கழுவித் துடைத்துத்தான் அனுப்பினேன், சாம்பல் கடலில் கரைத்த இடம் இது என்று எழுதியிருந்தாவாம். அம்மா அதை வாசிக்கக் கேட்டுவிட்டு, பனி உருகிய பிறகு கோயிலில் மகனுக்குக் கிரியை செய்வித்தா. நாங்கள் போனோம். அவர் வாசலோடு நிற்காமல் உள்ளே வந்து, கடைசி வரிசையில் இருந்தார்.

ஜூலை முதலாம் திகதி, மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும் நாளில், அவர் எங்கள் அறையை விட்டு வில்லரேயில் ஓர் அறைக்குப் போனார். அம்மா அவரை ஞாயிறு தோறும் வரச் சொல்லிப் படகுக் கதையைக் கேட்பாவாம். ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கேள்வி. அவன் பசி என்று சொன்னானா? என்னைப் பற்றி ஏதாவது? தெரியாததைத் தெரியாது அம்மா என்று சொல்வாராம். அக்கா அவருடன் பேசவே இல்லை. தேநீர் மட்டும் வைப்பாவாம். அவருடைய பெயர் விவகாரம் ஒரு வழக்கறிஞர் மூலம் ஒன்றரை வருடம் இழுபட்டு, கடைசியில் சொந்தப் பெயரில் காகிதம் வந்தது. பிறகு ஏதாவது எழுதினாரா என்று கேட்டிருக்கிறேன். கோப்பை கழுவிவிட்டு வந்தால் கை விறைத்துவிடுகிறது என்பார்.

மனைவி வரவில்லை. மகன் வந்தான். தொண்ணூறுகளின் கடைசிக் குளிர்காலத்தில், டொரோண்டோவில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவன் அங்கிருந்து பஸ்ஸில் மொன்றியலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். தனக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும் என்ற பயத்தில் அவர் என்னையும் கூப்பிட்டார். பார்க் மெட்ரோ வாசலில் நின்றோம். படிகளில் உயரமான ஒரு பையன் ஏறி வந்தான். எனக்கே உடனே தெரிந்தது, தகப்பனின் அதே நடை. அவன் எங்களுக்கு முன்னால் நின்றான். தகப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, பூட்ஸ் போட்டிருந்த அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு அவன் நிமிர்ந்து, "குளிருது. எங்கையாவது உள்ளுக்குப் போவம்" என்றான்.

இருவரும் சேற்றுப் பனியை மிதித்துக்கொண்டு சிற்றுண்டிக் கடைப் பக்கம் போனார்கள், இடையில் ஒரு ஆள் நடக்கும் அளவு இடைவெளி விட்டு. என்னைக் கூப்பிட அவர் திரும்பினார். எனக்குத் தையல் கட்டுகள் முடிக்க இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் பஸ் தரிப்பை நோக்கி நடந்தேன்.